ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுப் பேர்

இலங்கை மலையகத்துத் தேயிலை ஊரான எங்கள் அக்கரப்பத்தனையில் ‘பேர்’ என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டாம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு அன்றைக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்; 18 என்பார்கள், 20 என்பார்கள். அதை எடுத்தால் செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். ஈரக் கொழுந்து என்று ஒரு கழிவு, சாக்கு நிறை என்று இன்னொரு கழிவு, எல்லாம் போன பிறகு தராசில் நிற்பதுதான் கணக்கு. என் அம்மா இந்தக் கணக்குக்குள்ளேயே வாழ்ந்து பென்சன் வயதுக்கு வந்தவர்.

நான் தோட்டப் பாடசாலையில் ‘கிறிஸ்தவம்’ பாடம் படிப்பித்தவள். மத்தேயு சுவிசேஷம் 20ஆம் அதிகாரம் வரும் நாளில் வகுப்புக்கு விளக்கவுரையே தேவைப்படாது. கதை இதுதான்: திராட்சத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் சந்தைக்குப் போய், நாளுக்கு ஒரு பணம் என்று பேசி ஆள் கூட்டி வருகிறார். ஒன்பது மணிக்கும் நடுப்பகலுக்கும் மூன்று மணிக்கும் போய் இன்னும் ஆட்களைக் கூட்டுகிறார். வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கையில், மாலை ஐந்துக்கும் சிலரைக் கொண்டுவந்து விடுகிறார். சம்பளம் போடும்போது கடைசியில் வந்தவர்களை முதலில் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு முழுப் பணம் கொடுக்கிறார். வெயிலில் நாள் முழுதும் உழைத்தவர்களுக்கும் அதே ஒரு பணம். அவர்கள் முணுமுணுக்கிறார்கள். என் காசை நான் விருப்பப்படி கொடுக்கக் கூடாதா, நான் நல்லவனாக இருப்பது உங்களுக்குப் பொறுக்கவில்லையா என்று கேட்டு அவர்களை அனுப்பிவிடுகிறார் முதலாளி.

“அப்ப காலையில வந்தவங்க ஸ்ட்ரைக் பண்ணலியா டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான். வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஞானஸ்நானம் எடுத்து, திருவிருந்து வாங்கி, மாதா மாதம் தொழிற்சங்கக் காசு கட்டிய என் அம்மா, “நா அந்த மலையில இருந்திருந்தா கூடையக் கவுத்துட்டு வந்திருப்பேன்” என்றார்.

சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் எதை நம்புகிறார்கள் என்று யாராவது கேட்டால், நான் இந்தக் கோபத்திலிருந்துதான் தொடங்குவேன். அவர்களுடைய உபதேசத்தின் நடு மையம், உழைத்தவருக்கு உழைத்த அளவு என்ற நியாயத்தைக் கடவுள் ஒதுக்கி வைத்துவிட்டார் என்பதுதான். மீட்பு என்பது சம்பளமாகக் கிடைப்பதில்லை, இனாமாகக் கிடைக்கிறது. பவுல் எபேசியருக்கும் ரோமருக்கும் எழுதிய நிருபங்களில் இதையேதான் திரும்பத் திரும்ப வாதாடுகிறார். இந்த இனாமுக்குக் கிருபை என்று பெயர். நீட்டும் கையாக மனிதன் வைப்பது விசுவாசம். அந்தக் கையைக்கூடத் தன் சாதனை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பார்கள்.

தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயத்தில் பேச்சு இவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை. இங்கே மூன்று வகைதான்: கோயில்காரர், வேதக்காரர், அல்லேலூயாக்காரர். கத்தோலிக்கரையும் எங்களைப் போன்ற அங்கிலிக்கரையும் மெதடிஸ்தரையும் வேதக்காரர் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள். தகரக் கூரை மண்டபத்தில் மைக் வைத்துப் பாடுபவர்கள் எல்லோரும் அல்லேலூயாக்காரர். உண்மையில் சுவிசேஷக் கிறிஸ்தவம் என்பது ஒரு தனிச் சபையின் பெயரே அல்ல. அங்கிலிக்கருக்குள்ளும் உண்டு, மெதடிஸ்தருக்குள்ளும் உண்டு, பெந்தெகொஸ்தே சபைகளிலும், யாரோடும் சேராத சின்னஞ்சிறு சபைகளிலும் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டில் கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவர் இலங்கையில் நூற்றுக்கு 1.4 பேர். இந்தச் சிறிய எண்ணுக்குள்தான் இவ்வளவு பிரிவும்.

ஒரே கடவுள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியாக இருக்கிறார், இயேசு முழுக் கடவுளும் முழு மனிதனும் ஆனவர், சிலுவையில் மரித்து மூன்றாம் நாள் உடலோடு எழுந்தார், மறுபடி வருவார். இதிலெல்லாம் கத்தோலிக்கருக்கும் சுவிசேஷக்காரருக்கும் சண்டை இல்லை. அழுத்தம் எங்கே விழுகிறது என்பதில்தான் வித்தியாசம். பிரித்தானிய வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989இல் வெளியிட்ட நூலில் நான்கு அடையாளங்கள் சொன்னார்: வேதாகமத்தை இறுதி அதிகாரமாக வைப்பது, சிலுவையை நடுவில் வைப்பது, மனமாற்றத்தை வற்புறுத்துவது, சும்மா இருக்காமல் போய்ச் சொல்வது. அவர் அக்கரப்பத்தனைக்கு வந்ததில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த மண்டபத்துக்குள் போனாலும் இந்த நான்கும் அரை மணி நேரத்துக்குள் காதில் விழுந்துவிடும்.

சிலுவை விஷயம் எங்கள் ஆட்களுக்குப் புரிய வைக்கக் கடினமில்லை. தேயிலை ஸ்டோருக்கு ரோதமுனி, கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துசாமி, எல்லைக்கு முனியாண்டி என்று சேவலும் கிடாயும் கொடுத்து வளர்ந்த சனம். குற்றம் நேர்ந்தால் உயிர் ஒன்று கொடுத்தாக வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். சுவிசேஷப் பிரசங்கி சொல்வது, அந்தப் பலியைச் சாமியே கொடுத்துவிட்டது, சாமியே பலியும் ஆகிவிட்டது, இனி யாரும் கொண்டுவரத் தேவையில்லை என்பது. பாவத்துக்குரிய தண்டனையை இயேசு பாவியின் இடத்தில் நின்று ஏற்றார் என்ற இந்தப் பதிலாள் கோட்பாட்டில் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. சிலுவையைத் தீமையின் மேல் கிடைத்த வெற்றியாகவும், அன்பின் உச்சமாகவும் பார்க்கிற விளக்கங்களும் திருச்சபையில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. எனக்கு அவையும் வேண்டும். ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவன் அடி வாங்குவது எப்படி நீதியாகும் என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். பிதாவும் குமாரனும் ஒரே கடவுள் என்பதால் கடவுள் தன்னையே தண்டித்துக்கொண்டார், மூன்றாம் ஆள் யாரும் நடுவில் இல்லை என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் பதில். அவள் பாதி ஒப்புக்கொண்டாள்.

இதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது, அதுதான் கசக்கும். எல்லோரும் பாவிகள். கசிப்பு குடிப்பவன் மட்டுமா என்றால், இல்லை. குடிக்காதவனும், காலை மாலை வேதம் வாசிப்பவளும், துரையும், பாஸ்டரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். சாதியும் சம்பளமும் பார்த்து ஆளை அளக்கும் இடத்தில் இந்த உபதேசம் ஒருவகையில் எல்லோரையும் சமமாக்கிவிடுகிறது. துரை பங்களாவில் இருப்பவருக்கும் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருப்பவளுக்கும் கடவுள் முன்னால் ஒரே பற்றுச்சீட்டு என்று கேட்கும்போது வரும் நிமிர்வை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறகு வருவது மறுபிறப்பு. நம் ஊர்ப் பொருளில் இன்னொரு சென்மம் எடுப்பது அல்ல. யோவான் சுவிசேஷத்தில் நிக்கொதேமு என்ற பெரியவரிடம் இராத்திரியில் இயேசு பேசிய அந்தப் புதுப் பிறப்பு. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தால் போதாது, ஒவ்வொருவரும் தானாக மனந்திரும்ப வேண்டும் என்பது சுவிசேஷக்காரரின் உறுதி. ஜோன் வெஸ்லி அங்கிலிக்க குருவாகவே இருந்தவர், மிஷனரியாகக்கூடப் போய் வந்தவர். 1738 மே 24ஆம் திகதி லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டு, தன் பாவங்களை உண்மையிலேயே கிறிஸ்து எடுத்துவிட்டார் என்ற நிச்சயம் வந்தது என்று நாட்குறிப்பில் எழுதினார். நேரமும் போட்டிருக்கிறார்: இரவு ஒன்பதுக்குக் கால் மணி முன். அன்றிலிருந்து இந்த வழியில் வந்தவர்களுக்குத் திகதி மேல் ஒரு ஆசை.

“அக்கா, நீங்க எப்ப ரட்சிக்கப்பட்டீங்க?” என்று என் தம்பி மனைவி என்னைக் கேட்டாள். அவர்கள் குடும்பமாக ஒரு சுயாதீன சபைக்குப் போனவர்கள். எனக்குத் திகதி இல்லை. என் தாத்தா காலத்துக் கோயிலில் குழந்தையாக ஞானஸ்நானம், பிறகு திடப்படுத்தல், அப்படியே மெல்ல மெல்ல வளர்ந்த நம்பிக்கை. விடிந்த நிமிடம் தெரியாவிட்டாலும் விடிந்தது தெரியுமல்லவா என்றேன். அவள் எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னாள். அவளும் தம்பியும் மழைக்காலத்தில் ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தார்கள். அக்கரப்பத்தனைத் தண்ணீரில் ஆனி மாதம் முழுகுவதற்கே தனி விசுவாசம் வேண்டும். குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பதா, வளர்ந்தவரை முழுக்குவதா, கிடைத்த இரட்சிப்பை இழக்க முடியுமா முடியாதா, அந்நிய பாஷை பேசுவது இன்றும் உண்டா என்பதெல்லாம் இவர்களுக்குள்ளேயே ஓயாத வழக்குகள். 1906இல் லொஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களுக்கும், அதற்கு முந்திய ஆண்டு பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்தில் எழுந்த எழுப்புதலுக்கும் பிறகு, ஆவியின் வரங்களை முன்னே வைக்கும் பெந்தெகொஸ்தே வழி உலகெங்கும் பெருகியது. இன்று மலையகத்தில் சத்தமாகக் கேட்பது அந்த வழிதான்.

சாட்சி சொல்வதை மட்டும் நான் கொஞ்சம் எச்சரிக்கையோடு கேட்பேன். குடித்தேன், அடித்தேன், கடன்பட்டேன், கர்த்தர் தொட்டார், விட்டுவிட்டேன். பல வீடுகளில் இது சத்தியம். சம்பள நாளில் காசு வீட்டுக்கு வந்து சேர்ந்ததை அந்த மனைவிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் வருடா வருடம் சொல்லச் சொல்ல, பழைய வாழ்க்கை இன்னும் கறுத்துக்கொண்டே போகும். என் தம்பி அவ்வளவு பெரிய குடிகாரன் இல்லை.

வேதாகமம் பற்றியும் சொல்ல வேண்டும். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். சாதாரண ஆள் கையில் தன் மொழியில் வேதம் இருக்க வேண்டும், அதற்கு மேல் எந்தக் குருவும் எந்தப் பாரம்பரியமும் இறுதித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற நம்பிக்கைதான் அந்த உழைப்பின் பின்னால் இருந்தது. பாடசாலைக்கு ஒழுங்காகப் போக வாய்க்காத பெண்கள் வேதத்தை வாசிக்கவென்றே எழுத்துக் கூட்டக் கற்றதை இந்த லயங்களில் பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு வேதம் கையில் இருந்தால் ஆளுக்கொரு விளக்கமும் வரும். ஒரே லயத்தில் இரண்டு சபை இருப்பதும் அதனால்தான்.

இந்த உபதேசம் மலைக்கு எப்படி வந்தது என்பது ஒரு வேடிக்கையான கதை. இங்கிலாந்தில் சுவிசேஷ வழி அங்கிலிக்கர் 1799இல் தொடங்கிய சி.எம்.எஸ். சங்கம் 1818இல் இலங்கைக்கு வந்தது. கோப்பிக் காலத்தில் இராமேஸ்வரம் கடந்து மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்த தமிழ்த் தொழிலாளருக்காக 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற ஏற்பாடு உருவானது. பெயரே அக்காலத்தின் திமிரைக் காட்டும். அதை முன்னின்று தொடங்கியவர்கள் தோட்டத் துரைமார். காசு அவர்களுடையது, நிர்வாகம் சி.எம்.எஸ். சங்கத்துடையது, தோட்டம் தோட்டமாக நடந்து போய் பிரசங்கித்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசிமார். அவர்கள் பேரெல்லாம் எந்தக் கல்லிலும் வெட்டப்படவில்லை.

துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர், பிரெஸ்பிட்டேரியன் சபையினர். எங்கள் பக்கத்தில் கிளாஸ்கோ, பல்மோரல், வேவர்லி என்று தோட்டப் பெயர்கள் நிற்பதைப் பார்த்தாலே தெரியும். அங்கிலிக்கர் அல்லாதவர்களும் சேர்ந்து நடத்தும் மிஷன் தன் அதிகாரத்துக்குள் இல்லாமல் நடப்பதை, 1876இல் கொழும்புக்கு வந்த 30 வயது பேராயர் கொப்பிள்ஸ்டனால் ஏற்க முடியவில்லை. அவர் சடங்கையும் பேராயர் அதிகாரத்தையும் உயர்வாகக் கருதும் வழியைச் சேர்ந்தவர். மிஷனரிமாரின் அனுமதிப் பத்திரங்களை இரத்துச் செய்தார். சண்டை இங்கிலாந்துவரை போய், அங்குள்ள பேராயர்கள் தலையிட்டு 1880இல் ஒரு தீர்வு எழுதினார்கள். பேராயரின் வார்த்தை பெரிதா, சுவிசேஷம் சொல்லும் சுதந்திரம் பெரிதா என்ற, சுவிசேஷக் கிறிஸ்தவத்தின் அடிப்படையான கேள்வி, கோப்பிக் காட்டில் கூடை சுமந்த தமிழரை வைத்து வழக்காடப்பட்டது. அந்தத் தமிழரிடம் யாராவது கேட்டார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இனிப் போய்ச் சொல்லும் விஷயம். கேட்டதைச் சொல்லாமல் இருப்பது பாவம் என்பது இவர்கள் நினைப்பு. பக்கத்துக் காம்பராவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எண்ணெயோடு போய் நிற்பார்கள். உண்மையான அக்கறையும் அதில் உண்டு. ஆனால் மாரியம்மன் திருவிழாக் காசு கொடுக்க மாட்டேன் என்று நிற்பதும், காமன் கூத்தில் தப்படித்த கை இனித் தப்பைத் தொடாது என்பதும், சொந்தத் தகப்பனின் கருமாதியில் விலகி நிற்பதும் லயத்துக்கு வலிக்கிறது. ஒரு கூரையின் கீழ் சுவரைப் பகிர்ந்து வாழும் சனத்தில் யாரும் தனியாக மனந்திரும்ப முடியாது. அண்டை அயலும் அதற்கு விலை கொடுக்கிறது. சட்டத்தின் பக்கமும் இறுக்கம்தான். ஒரு கன்னியர் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கும் மசோதா பற்றிய 2003 தீர்ப்பில், மதத்தைக் கைக்கொள்ள உள்ள உரிமை அதைப் பரப்பும் உரிமையாகாது என்றது உயர் நீதிமன்றம். 2004இல் கட்டாய மதமாற்றத் தடை மசோதா வந்து, சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்ன பின் சட்டமாகாமல் நின்றது. 2008 சுற்றறிக்கையொன்று புதிய வழிபாட்டிடங்களுக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றது.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. அது அவர்களுடைய உபதேசத்தின் பேரிலேயே வரும் மனத்தாங்கல். கிருபை இனாம் என்று காலையில் பாடிவிட்டு, காணிக்கை நேரத்தில் விதைத்தால்தான் அறுப்பாய் என்கிறார்கள். தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தால் வெளிநாட்டு வேலை, உபவாசம் இத்தனை நாள் இருந்தால் சுகம், சுகம் வராவிட்டால் உன் விசுவாசத்தில் குறை. தம்பி மனைவியின் தாய் சீனி வியாதியில் கால் புண்ணாகிப் படுத்திருந்தபோது, வீட்டில் ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கிறது என்று ஜெபிக்க வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். நான் அவளிடம் சொன்னேன்: “இது செக்ரோல்தானே. கணக்கப்பிள்ளைக்குப் பதிலா கர்த்தர உக்கார வச்சிருக்காங்க. உன் அம்மாவுக்கு அரைப் பேர் போட்டுட்டுப் போறாரு அவரு.” அவள் அழுதாள். ஆனால் மறு வாரமும் அங்கேதான் போனாள். அந்தச் சபைப் பெண்கள்தான் முறை வைத்து வந்து அந்த அம்மாவுக்குப் புண் கழுவினார்கள், நானில்லை.

இனாம் என்றால் பிறகு ஒழுக்கம் எதற்கு, நல்லது எதற்கு என்று வகுப்பில் கட்டாயம் யாராவது கேட்பார்கள். பவுலிடமே கேட்டிருக்கிறார்கள், ரோமர் ஆறாம் அதிகாரம் முழுதும் அதற்கான பதில்தான். நற்செயல் செய்து கடவுளிடம் பேர் வாங்க முடியாது, பேர் கிடைத்துவிட்டதால் நற்செயல் வர வேண்டும். வராவிட்டால் அந்த விசுவாசம் செத்தது என்று யாக்கோபு கறாராக எழுதுகிறார்.

அந்த யாக்கோபுதான் எனக்குப் பிடித்தவர். அவருடைய நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதுக்கு எட்டிவிட்டது என்று பணக்காரரைப் பார்த்துச் சொல்கிறார். கூலியை மறுநாள் விடியும்வரை கையில் வைத்திருக்கக் கூடாது என்று லேவியராகமமும் சட்டம் போடுகிறது. திராட்சத் தோட்ட முதலாளியும் ஒருவர் பேரையும் வெட்டவில்லை. ஒரு பணம் என்பது ஒரு குடும்பம் அன்றைக்குச் சாப்பிடத் தேவையான காசு, அதைத்தான் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் கொடுத்தார். 1974இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கூடிய உலகச் சுவிசேஷத் தலைவர்கள், ஜோன் ஸ்டொட் முன்னின்று எழுதிய உடன்படிக்கையில், சமூக நீதியும் கிறிஸ்தவக் கடமை என்று ஒப்பமிட்டார்கள். சுவிசேஷம் சொல்வதையும் நீதிக்காக நிற்பதையும் எதிரெதிராக வைத்ததற்கு வருத்தமும் தெரிவித்தார்கள். உபதேசப்படியே பார்த்தால், வேதமே இறுதி அதிகாரம் என்பவர் யாக்கோபின் ஐந்தாம் அதிகாரத்தைத் தாண்டிப் போக முடியாது.

இங்குள்ள ஒரு இளம் பாஸ்டர் என்னிடம் படித்தவர். நல்ல பிள்ளை, மத்தேயு 20ஐ அருமையாகப் பிரசங்கிப்பார். “யாக்கோபு அஞ்ச ஏன் தம்பி தொடுறதே இல்ல?” என்று டவுனில் பார்த்தபோது கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்தார். “டீச்சர், ஹோல் கட்டியிருக்கிற இடம் தோட்டத்து இடம்” என்றார். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அதிகாரத்தை எடுத்துப் பேசினாராம். தோட்டத்தில் இல்லை; தலவாக்கலையில், வாடகை மண்டபத்தில்.